அம்மாவின் சுத்தியும் தம்பியின் கல்லும்

என் கோடாலிக்கு இப்போது ஒன்பது மாதம் ஆகிறது. போனுக்குள் இருக்கும் கோடாலி. போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். அறுபது வயதில் இதென்ன சின்னப் பிள்ளை விளையாட்டு என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பேச வராது, உங்களுக்கே தெரியும். பொம்மனஹள்ளி கம்பெனியில் இருபத்தேழு வருடம் உங்கள் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்தேன். சேர்ந்தாற்போலப் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன். எழுதினால் கொஞ்சம் வருகிறது. படித்தது ஐந்தாவது வரைதான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டி வலி வந்து வேலையை விட்டபோது மகள் தன் பழைய போனைக் கொடுத்தாள். அவளுக்கு வைட்ஃபீல்டில் ஆபீஸ். காலையில் கேப் வந்தால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அதுவரை ஈஜிபுரா வீட்டில் நானும் நான்கு சுவரும். விளையாட்டு அந்தப் போனிலேயே இருந்தது.

ஒரு ஆள் தீவில் கிடப்பான். கையில் ஒன்றும் இருக்காது. குச்சி பொறுக்க வேண்டும், கல் பொறுக்க வேண்டும். இரண்டையும் கொடியால் கட்டினால் கோடாலி. கோடாலி இருந்தால் மரம். மரம் இருந்தால் குடிசை, அடுப்பு, படகு. வெட்ட வெட்டக் கோடாலிக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு தேய்ந்துகொண்டே வரும். சிவப்பானால் உடையப் போகிறது என்று அர்த்தம். அப்போது இரண்டு பட்டன் வரும். ஒன்று ரிப்பேர். இரண்டு குச்சியும் ஒரு கொடியும் போதும். இன்னொன்று புதுசு. அதற்கு நிறையக் கல் வேண்டும்.

நான் ரிப்பேர்தான் செய்வேன்.

ரிப்பேர் செய்தால் கோடு மறுபடி பச்சையாகும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குட்டையாகிவிடும். முதலில் விரல் நீளம் இருந்தது. இப்போது நகத்தின் அகலம். நாலு வெட்டு வெட்டினால் சிவந்துவிடுகிறது. மகள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா இது. வெட்டுற நேரத்த விட ரிப்பேர் பண்ற நேரம் ஜாஸ்தியா இருக்குது. புதுசு பண்ணேன்."

ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்றேன். கஞ்சத்தனம் என்று அவள் நினைக்கிறாள். கஞ்சத்தனம் இல்லை. அந்தப் பட்டனுக்குக் கை போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குப் பத்து வயதில் நடந்தது. அம்பது வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் ஒருவரிடம் சொன்னேன். அதனால் இப்போது உங்களுக்கும் சொல்லலாம்.

பொம்மனஹள்ளி தாண்டி உள்ளே போனால் ஒரு பெரிய அபார்ட்மெண்ட் இருக்கிறது. நடுவில் ஒரு குட்டை. கம்பி வேலி போட்டு, நடக்கப் பாதை போட்டு, ஏரி என்று போர்டும் வைத்திருக்கிறார்கள். அது ஏரி இல்லை. நாங்கள் இருந்த கல் குவாரியின் குழி. ஊருக்கெல்லாம் ஜல்லி அங்கேயிருந்துதான் போகும். அப்பா பாறையில் ஓட்டை போடுவார். அதில் மருந்து வைத்து வேட்டு விடுவார்கள். பெயர்ந்த கல்லைக் கரையில் கொட்டினால் பெண்கள் உட்கார்ந்து உடைத்து ஜல்லியாக்குவார்கள். அம்மா அதில் ஒருத்தி. கல் சிதறாமல் இருக்க டயர் வளையம் ஒன்றை முன்னால் வைத்துக்கொள்வாள். வளையத்துக்குள் கல், வலது கையில் சுத்தி, தலைக்கு மேல் ஓலைத் தட்டி. காலையில் உட்கார்ந்தால் மதிய வேட்டுக்குச் சிவப்புக் கொடி காட்டும்போதுதான் எழுந்திருப்பாள். மருந்து வாசனை எங்கள் சோற்றில்கூட இருக்கும். இப்போது தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் அந்த வாசனை வரும்போது எனக்குப் பசிக்கிறது.

அந்த வருடம் மழை நிறைய. குழியின் அடியில் தண்ணீர் தேங்கி அங்கே வேலை நின்றுபோயிற்று. நடுவில் வெட்டாமல் விட்ட ஒரு மேடு மட்டும் வெளியே தெரிந்தது. பச்சைத் தண்ணீர், நடுவில் மேடு. இடுப்பளவு ஆழத்தில் ஒரு பாறை விளிம்பு கரையிலிருந்து மேடு வரை போகும். அதன்மேல் கால் தடவிக்கொண்டே போய்விடலாம். பெரியவர்களுக்குத் தெரிந்தால் தோலை உரிப்பார்கள். கரையில் கல் உடைக்கிற பெண்கள் தலை நிமிர்வதே இல்லை, அதனால் தெரியவில்லை.

அங்கேதான் காட்டாட்டம் ஆடினோம். நான், தம்பி, டீக்கடைக்காரம்மாவின் மகள். தம்பிக்கு ஏழு வயது. டீக்கடைக்காரி மகளுக்குப் பன்னிரண்டு. சட்டம் போடுகிறவள் அவள்தான். மேட்டில் ஏறிவிட்டால் நமக்கு யாரும் கிடையாது. வீடு கிடையாது, சோறு கிடையாது. ஆளுக்கு ஒரு கருவி. அதுவும் தன் கையால் செய்ததாக இருக்க வேண்டும். அதை வைத்துக் கூரை போட வேண்டும், விறகு சேர்க்க வேண்டும், தின்ன ஏதாவது தேட வேண்டும். மதிய வேட்டுக்குக் கொடி காட்டுவதற்குள் மூன்றும் முடித்தவர் பிழைத்தார். முடிக்காதவர் செத்தார்.

கருவி உடைந்தால் என்ன செய்வது என்பதற்கும் சட்டம் இருந்தது. புதிதாகச் செய்வதானால் சேர்த்ததையெல்லாம் மேட்டிலேயே விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டும். ஒட்டுப் போடுவதானால் இருந்த இடத்திலேயே போட்டுக்கொண்டு தொடரலாம். போனில் அந்த இரண்டு பட்டனையும் முதலில் பார்த்தபோது போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் சட்டம் எவனுக்குத் தெரிந்தது என்று.

என் கருவி ஒரு கோடாலி. லாரியின் அடியிலிருக்கும் இரும்புப் பட்டையில் உடைந்த துண்டு ஒன்று கிடைத்தது. கல்லில் தேய்த்து ஒரு பக்கம் கூராக்கினேன். பிளந்த மூங்கிலில் செருகிக் கம்பி சுற்றினேன். கம்பி அறுந்தது, சைக்கிள் டியூப் சுற்றினேன். மூங்கில் விரிந்தது, தார் உருக்கி ஊற்றினேன். மறுபடி ஆடியது, மேலே இன்னொரு டியூப். அந்த ஆட்டத்தில் ஒரு தடவைகூட நான் கரைக்குத் திரும்பவில்லை.

டீக்கடைக்காரி மகளுக்கு அதைப் பார்த்தாலே எரியும்.

"உன் கோடாலியில கோடாலி எங்கடி கீது? எல்லாம் டியூபுதான்."

தம்பிக்குக் கோடாலி செய்யப் பொறுமை இல்லை. அவன் கருவி கல். கரையில் ஒரு கொடுக்காப்புளி மரம் குழிப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. கல் எறிந்து காய் அடிப்பான். அதுதான் எங்கள் மூன்று பேருக்கும் சாப்பாடு. எறிந்த கல் எங்கே விழுந்தது என்று பார்க்கவே மாட்டான். குனிந்து அடுத்தது எடுப்பான். அது கருவியே இல்லை, சட்டப்படி செல்லாது என்று சண்டை வந்தது. அவன் சொன்னான்:

"எனக்கு ஒட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஊரெல்லாம் கல்லுதான். போனா இன்னொண்ணு."

வாயெல்லாம் கொடுக்காப்புளி வைத்துக்கொண்டு சொன்னான். அப்போது அவனுக்கு முன்பல் இரண்டு இல்லை.

இனி சுத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குவாரியில் ஒரு வழக்கம். சுத்தியின் காம்பு அவரவருடையது. இரும்புத் தலை மேஸ்திரியுடையது. சனிக்கிழமைதோறும் மேஸ்திரி சாக்குப்பையோடு வருவார். ஒவ்வொருத்தி சுத்தியையும் வாங்கிக் காதோரம் வைத்து ஆட்டுவார். தலை ஆடினால், லொடலொட என்று சத்தம் வந்தால், கழற்றிச் சாக்கில் போட்டுவிட்டுப் பட்டறையில் சரிசெய்து வந்த வேறு தலை கொடுப்பார். சத்தம் வரவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான் அவர் பார்ப்பது. கண்ணால் பார்க்க மாட்டார், காதால்தான் பார்ப்பார்.

அம்மாவின் சுத்தித் தலை அடிபட்டு அடிபட்டு ஓரமெல்லாம் மடிந்து வெளியே விரிந்திருந்தது. காளான் குடை மாதிரி. மடிந்த இடத்தில் மெல்லிய விரிசல் இருந்தது. நான் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். கிழிக்கும். தலையும் ஆடியது. போன சனிக்கிழமை மேஸ்திரியின் சாக்கில் வேறு தலை மிச்சமில்லை. இந்த சனிக்கிழமை மாத்திடணும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாக அவள் கை அதிர்ந்து வலித்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அம்மா தண்ணீர் எடுக்கப் போனபோது நான் அந்தச் சுத்தியை எடுத்தேன். கருவேல மரத்தில் ஒரு துண்டு சீவி ஆப்பு செய்தேன். காம்பின் தலையில் வைத்து அடித்து இறக்கினேன். கழுத்தில் சைக்கிள் டியூபை இழுத்து இழுத்துச் சுற்றினேன். தண்ணீரில் ஊற வைத்தேன், மரம் ஊதிப் பிடித்துக்கொண்டது. காதோரம் வைத்து ஆட்டினேன். சத்தமே இல்லை.

யாரும் சொல்லிச் செய்யவில்லை. காட்டாட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருந்த கை. சும்மா இருக்கவில்லை.

அம்மா வந்து பார்த்தாள். அவளும் ஆட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ராத்திரிச் சோற்றில் எனக்கு ஒரு கருவாடு கூட வைத்தாள்.

மறுநாள் மேஸ்திரி சுத்தியை வாங்கினார். ஆட்டினார். மறுபடி ஆட்டினார். போன வாரமே ஆடிய சுத்தி ஆயிற்றே, எப்படி நின்றது என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பெண்கள் என்னைக் காட்டினார்கள். அவர் என் தலையில் கை வைத்தார். கன்னடக்காரர். தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார்.

"சரி ஹோய்து. ஹொசது பேடா, புதுசு வேணாம். இன்னும் ஒரு மாசம் ஓடும்மா இது. உன் பொண்ணு பட்டறையே வெச்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அம்மா சிரித்தாள். கையில் சுத்தியை வாங்கிக்கொண்டாள். ஓரத்தைக் காட்டி, இது மடிஞ்சிருக்குது, மாத்திக் குடுங்க என்று அவள் கேட்டிருக்கலாம். அவளுக்குத் தெரியாததில்லை. கேட்கவில்லை. பத்துப் பேர் மகளை மெச்சும்போது அதைத் தப்பு என்று எப்படிக் கேட்பாள். இது எனக்கு அப்போது புரியவில்லை. எனக்கு மகள் பிறந்து அவள் வரைந்த கோலத்தை நான்கு பேர் மெச்சியபோதுதான் புரிந்தது.

புதன்கிழமை நடந்தது.

வெயில் நன்றாக அடித்தது. நான் மேட்டில் இருந்தேன். டீக்கடைக்காரி மகள் கடையில் வேலை இருக்கிறது என்று வரவில்லை. தம்பி கரையில் மரத்தடியில் நின்று காய் அடித்துக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து பத்தடி தள்ளி அம்மா தட்டிக்குக் கீழே உடைத்துக்கொண்டிருந்தாள். வரிசையில் இன்னும் மூன்று நான்கு பெண்கள். எனக்கு எல்லோரும் நேரே தெரிந்தார்கள்.

தம்பி கையை ஓங்கி எறிந்தான். அதே நேரம் அம்மாவின் சுத்தி இறங்கியது. எனக்கு முன்னால் தண்ணீரில் ப்ளக் என்று ஒரு சத்தம். அம்மா சுத்தியைக் கீழே வைத்தாள். இடது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள். கத்தவில்லை. சும்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நான் தண்ணீரில் நடந்து கரைக்கு வருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கண்ணில் கல் பட்டது என்று ஒருத்தி சொன்னாள். எங்கேயிருந்து வந்தது என்று இன்னொருத்தி கேட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி அடுத்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அப்பா வந்தார். எறிஞ்சியா என்று கேட்டார். எறிஞ்சேன் என்றான் தம்பி. அவன் பொய் சொல்ல மாட்டான். எறிந்தான்தானே. அப்பா இடுப்பு பெல்ட்டை உருவினார். நான் அங்கேயே நின்றேன். என் பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழிக்குள்ளிருந்து நேரே பார்த்தவள் நான் ஒருத்திதான். என்னை யாரும் கேட்கவில்லை.

கண்ணில் ரத்தம் இல்லை. தண்ணீர் மட்டும் வடிந்தது. கருவிழி ஓரத்தில் ஒரு புள்ளி. கடுகைவிடச் சின்னது. சின்னப் பையன் எறிந்த கல் மேலாகத்தான் பட்டிருக்கும், வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்றார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தியைக் கூட்டி வந்து தாய்ப்பால் விட்டார்கள். துணி கட்டினார்கள்.

சாயங்காலம் அம்மாவின் இடத்தைக் கூட்டி எடுத்து வைக்க என்னை அனுப்பினார்கள். டயர் வளையத்தை எடுத்தேன். சுத்தியை எடுத்தேன். தலை ஆடவில்லை. என் ஆப்பு கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் மடிந்த ஓரத்தில் ஒரு இடம் கடித்து எடுத்த மாதிரி காணாமல் போயிருந்தது. பிறை மாதிரி, சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. மற்ற இடமெல்லாம் கறுப்பு. அந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது.

எனக்குப் பத்து வயது. ஆனால் புரிந்தது. தண்ணீரில் கேட்ட சத்தமும் அப்போதுதான் புரிந்தது.

நான் சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. பாறையில் தண்ணீர் ஊற்றி அந்த இடத்தைத் தேய்த்தேன். பளபளப்பு போகும் வரை தேய்த்தேன். அப்புறம் ஈரமண் பூசினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் பெல்ட் ஒரு காரணம். மேஸ்திரி தலையில் கை வைத்தது இன்னொரு காரணம். சொன்னால் அந்தக் கை போய்விடும். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

நாளைக்குச் சரியாகிவிட்டால் சொல்ல வேண்டியதில்லை என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் பால் விட்டார்கள். பத்தாவது நாள் கண் முழுக்கச் சிவந்து அம்மாவால் தலையைத் தூக்க முடியவில்லை. லாரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு என்னைத் துணைக்கு அழைத்துப் போனார்கள்.

டாக்டர் விளக்குப் போட்டுப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அப்புறம் அப்பாவைக் கேட்டார்.

"என்ன பட்டுச்சு? கல்லா, இரும்பா?"

"கல்லு சார். எம் பையன் எறிஞ்சது."

"நல்லாத் தெரியுமா?"

"ஊரே பாத்துச்சு சார்."

நான் கதவோரம் நின்றேன். அம்மாவின் புடவைப் பை என் கையில் இருந்தது. டாக்டர் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் பையின் காதைப் பார்த்தேன்.

முதல் நாளே வந்திருந்தால் பார்த்திருக்கலாம், இனி வைத்திருந்தால் மற்றக் கண்ணுக்கும் ஆபத்து என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். உள்ளே என்ன இருந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா கேட்கவில்லை. அவருக்குத்தான் தெரியுமே.

என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த சனிக்கிழமை மேஸ்திரி சாக்குப்பையோடு வந்தார். அதற்கு முன்னால் நான் டியூபை அறுத்துவிட்டேன். ஆப்பை ஆணியால் நெம்பி எடுத்துவிட்டேன். மேஸ்திரி காதோரம் வைத்து ஆட்டினார். லொடலொட என்றது. ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டே தலையைக் கழற்றிச் சாக்கில் போட்டார். வேறு தலை கொடுத்தார். ஓரமெல்லாம் வழவழவென்று, மையைப் போலக் கறுப்பாக இருந்தது.

தப்பை மறைக்க, அந்த ஒரு தடவைதான் நான் புதுசு வாங்கினேன்.

அம்மா இரண்டு மாதத்தில் மறுபடி உடைக்க உட்கார்ந்தாள். ஒரு கண்ணில் தூரம் தெரியாது. கல்லுக்கு வைத்த அடி விரலில் விழும். அவளுடைய இடது ஆள்காட்டி விரல் நகம் சாகும்வரை கறுப்பாகத்தான் இருந்தது. தம்பியைத் திட்டமாட்டாள். யாராவது கேட்டால், சின்னப் புள்ள, தெரியாம எறிஞ்சுது, அத ஒண்ணும் சொல்லாதீங்க என்பாள். அவன் எதிரிலேயே சொல்வாள். அன்பாகத்தான் சொன்னாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

காட்டாட்டம் நின்றுபோயிற்று. என் கோடாலியைக் குழியில் போட்டேன். டியூப் இருந்ததால் கொஞ்ச நேரம் மிதக்கும் என்று நினைத்தேன். மிதக்கவில்லை.

தம்பி வளர்ந்தான். எலெக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டான். கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள். அம்மாவை நான் வைத்துக்கொள்கிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டேன். விடவே இல்லை. நான்தான் பாக்கணும் என்பான். குளிப்பாட்டுவது வரை அவன்தான். ஆறு வருடம் முன்னால் அம்மா அவன் வீட்டில்தான் இறந்துபோனாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் எறிய மாட்டான். பிள்ளைகளுக்குப் பந்துகூட எறிந்ததில்லை. தரையில் உருட்டி விடுவான். கூடை பக்கத்தில் இருந்தாலும் எழுந்து போய்த்தான் குப்பையைப் போடுவான். எங்கள் தெரு உங்களுக்குத் தெரியும். மூன்றாவது மாடியிலிருந்து சாவி, பை, சில்லறை எல்லாம் கீழே போடுவோம், கீழே இருக்கிறவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அவன் பிடிக்க மாட்டான். ஏதாவது மறந்துவிட்டால் மூன்று மாடியும் மறுபடி ஏறி வருவான். அவன் பெண்டாட்டி கேலி செய்வாள். நான் சிரித்ததில்லை.

ஞாயிறுதோறும் காலையில் வருவான். அம்மா போனதிலிருந்து வழக்கம். அவன் வந்து மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. போன் செய்தால் எடுக்கிறான். நல்லாத்தான் இருக்கேன், வேலை ஜாஸ்தி என்கிறான்.

கடைசியாக வந்த அன்று மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் போனில் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவன் டீ குடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். எவ்வளவு நாளாக இதே கோடாலி என்று கேட்டான். எட்டு மாசம் ஆச்சு என்றேன். கோடு சிவப்பானது. நான் ரிப்பேரை அமுக்கப் போனேன்.

"அட இன்னாக்கா நீ. தீவெல்லாம் கல்லாத்தான் கெடக்குது. போனா இன்னொண்ணு."

சொல்லிவிட்டு டீயை ஊதினான். அவனுக்கு நினைவில்லை. அந்த வார்த்தையை அவன் வாயில் நான் கேட்டு அம்பது வருடம் ஆகிறது. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"உன் கல்லு இல்லடா."

"எது?"

"அம்மா கண்ணு. உன் கல்லு இல்ல. சுத்தி ஓரம் தெறிச்சுது. சாயங்காலம் நான் பாத்தேன். மாத்த வேண்டிய சுத்திய ஆப்பு வெச்சு நிறுத்துனது நான்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். அதன் விளிம்பைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். டாக்டர் கேட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன். சுத்தியைத் தேய்த்ததையும் சொன்னேன். எதையும் விடவில்லை. மன்னிச்சிக்கோ என்று சொல்ல நினைத்தேன். அது ஆப்பு அடிக்கிற மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

தெருவில் கீரைக்காரன் போனான். கீரையைக் கன்னடத்தில் சொப்பு, சொப்பு என்று கூவிக்கொண்டே கோடி வரை போய்த் திரும்பி வந்தான். தம்பி டம்ளரைத் தள்ளி வைத்தான். அம்மாவுக்குத் தெரியுமா என்று முதலில் கேட்டான். தெரியாது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான். அப்புறம் கேட்டான்.

"அப்ப என் கல்லு எங்க போச்சு?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. கத்துவான் என்று நினைத்தேன். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன்.

"தண்ணியில விழுந்துது."

"பாத்தியா?"

"நான் மேட்டுல நின்னேன். எனக்கு முன்னாலதான் விழுந்துது. வட்டம் வட்டமா வந்து என் கால தொட்டுது."

"கால தொட்டுது."

"ஆமா."

அவன் தன் வலது கையைப் பார்த்தான். விரலை மடக்கினான், விரித்தான். ஐம்பத்தேழு வயது. ஒயர் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போன கை. அப்புறம் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு படி இறங்கினான். வரேன் என்று சொல்லவில்லை.

ஸ்கூட்டர் சாவி டீ டம்ளர் பக்கத்தில் இருந்தது. நான் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். அவன் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். ஏறி வருவான் என்று நான் கதவைத் திறக்கத் திரும்பினேன்.

"போடுக்கா."

இரண்டு கையையும் சேர்த்து மேலே ஏந்திக்கொண்டு நின்றான். வெயில் கண்ணில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சாவியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். விரலை விட்டால் போதும். அவன் முகம் நேர் கீழே இருந்தது. அண்ணாந்த முகம். இரண்டு கண்ணும் திறந்திருந்தது.

விட முடியவில்லை.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினேன். முட்டி ஒவ்வொரு படிக்கும் கடகட என்றது. எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. வெளியே வந்தபோது அவன் அதே இடத்தில் நின்றான். கையை மட்டும் கீழே இறக்கியிருந்தான். அவன் உள்ளங்கையில் சாவியை வைத்தேன்.

"போட்டிருக்கலாம்," என்றான்.